தரைப்பாலத்துக்கு ஒரு வண்டி

அக்டோபர் 27, திங்கள்

வீட்டில் பேச ஆள் இல்லை, அதனால் இதில் எழுதுகிறேன். மாட்டு மருந்து விற்கிறவன் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி. இத்தனை நாளாகப் புளி டப்பாவுக்கு மூடியாக இருந்தது.

நேற்று என் பெண்சாதி அஞ்சலாட்சிக்கு வளைகாப்பு. நான் வாயைத் திறக்கிற வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. வளையல் போட்டு முடிந்ததும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் புத்தந்தூரில் இருக்கிற அவள் அப்பா வீட்டுக்கு அழைத்துப் போக வேன் வந்து நின்றது. இது எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் எடக்குப்பத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அங்கே புத்தந்தூரில் மழை பிடித்து அணையைத் திறந்துவிட்டால் தரைப்பாலம் முழுகிவிடும். அப்புறம் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு அறுபது கிலோமீட்டர் வர வேண்டும். மாமனார், பெயர் பாவாடை, சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

“தலப்பிரசவம் தாய் ஊட்லதான் மாப்ள. எங்க வழக்கத்த நாங்க எதுக்கு மாத்தணும்?” என்றார், கூடம் நிறைந்த பெண்கள் முன்னால்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். “நெறமாச மாட்டக்கூட எவனும் ஆத்தத் தாண்டி ஓட்டிக்கினு போவ மாட்டான். தெனம் பாக்கறவன் சொல்றன்” என்றேன்.

நான் கால்நடை ஆய்வாளர். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவன், கன்று சிக்கினால் கை விட்டு எடுக்கிறவன். என் வாயில் உதாரணம் மாடாகத்தான் வரும். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு கையிலும் வளையல் முழங்கை வரைக்கும் இருந்தது, ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. வேனில் ஏறும்போது “போயிட்டு வரன்” என்று சொல்லவில்லை.

நான் சொன்னதில் தப்பு என்ன? மாட்டுக்கு உள்ள நியாயம் மனுஷிக்குக் கிடையாதா?

அக்டோபர் 28, செவ்வாய்

ரசம் வைத்தேன். உப்புப் போட்டேனா என்று கேட்க ஆள் இல்லை. போடவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

கூட்டுரோட்டில் ஜான்பாஷா பாய் மெக்கானிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆற்று வெள்ளத்தில் வண்டி ஓட்ட முடியுமா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

“தண்ணில வண்டி ரெண்டு காரணத்துக்குதான் நிக்கும் சார்” என்றார். “ஒண்ணு, மூச்சு முட்டும். காத்து இழுக்கற ஓட்டைல தண்ணி பூந்துடும். இன்னொண்ணு, கரண்ட் செத்துடும். பேட்டரி, சிடிஐ எல்லாம் சீட்டுக்குக் கீழதான கெடக்குது, நனைஞ்சா முடிஞ்சிது.”

“ரெண்டையும் மேல தூக்கி வச்சிட்டா?”

“வச்சா ஓடும். ஆனா உங்களுக்கு இன்னாத்துக்கு?”

அந்தப் பக்கத்து ஊர்களில் மாடுகள் இருக்கின்றன, மழைக்காலத்தில் அவசரம் வரும் என்றேன்.

“அந்தப் பக்கத்துக்கு வேற ஆளு போட்டுக்கிறாங்களே சார்?”

இந்த ஆளுக்கு வேண்டாத கேள்வி.

நவம்பர் 1, சனி

என் மோட்டார் பைக்கைக் கூடத்துக்குள் ஏற்றிவிட்டேன். வெளியே தூறல். தரையில் எண்ணெய் சிந்துகிறது என்று கத்த இப்போது யாரும் இல்லை. இடது பக்கத்துக் கவரைக் கழற்றினால் ஏர் பில்டர் பெட்டி. வண்டி மூச்சு விடுகிற மூக்கு அதுதான். அதன் வாய் சீட்டுக்கு அடியில், என் முழங்காலைவிடக் கொஞ்சம்தான் மேலே இருக்கிறது. வலது பக்கத்தில் பேட்டரி. சீட்டைத் தூக்கினால் பிளக்குக்குப் பொறி அனுப்புகிற சிடிஐ, சார்ஜ் கட்டுப்படுத்துகிற ரெக்டிபயர், ஒயர்க் கற்றை. எல்லாவற்றையும் பிரித்துச் சாப்பாட்டுத் தட்டுகளில் வகைவகையாகப் போட்டேன். மத்தியானம் சாப்பிடத் தட்டு இல்லை. வாழை இலை நறுக்கிக்கொண்டு வந்தேன்.

அஞ்சலைக்கு போன் போட்டேன். ரிங் போகும்போதே வைத்துவிட்டேன். வேறு ஒன்றுமில்லை, கை எல்லாம் கிரீஸ்.

நவம்பர் 4, செவ்வாய்

வாஷிங் மெஷினிலிருந்து அழுக்குத் தண்ணீர் போகிற ஹோஸைக் கழற்றினேன். நெளிந்து வளைகிற நல்ல ஹோஸ். ஒரு முனையை ஏர் பெட்டி வாயில் சொருகி, கிளிப் போட்டு இறுக்கி, டேங்க் ஓரமாக மேலே கொண்டுபோய் ஹேண்டில் பாரில் கட்டினேன். அதாவது வண்டியின் மூக்கு இப்போது என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. துணியை இனிமேல் கல்லில் துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒற்றை ஆளுக்கு எவ்வளவு துணி சேரப்போகிறது?

வண்டி கழன்று கிடப்பதால் இன்று பஸ்ஸில் போனேன். மடியில் நைட்ரஜன் கேன், சினை ஊசிக்கான விந்தை உறைய வைத்திருப்பது. மூடியைச் சுற்றிப் புகை வந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து படிக்கட்டில் போய் நின்றுகொண்டார்.

நவம்பர் 6, வியாழன்

கிளப்பினேன். இரண்டு நிமிஷம் ஓடியது, அப்புறம் குப்குப்பென்று கரும்புகை. கூடம் முழுக்க. சுவரில் கல்யாண போட்டோ மேல் கரி படிந்துவிட்டது, துடைத்தேன். அஞ்சலை முகத்தை இரண்டு தடவை துடைத்தேன்.

நவம்பர் 8, சனி

பாய் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “சளி புடிச்சவன் கைல ஸ்ட்ரா குடுத்து மூச்சு விடச் சொன்னா எப்படி சார்? ஹோஸ் ஒல்லி. காத்து பத்தல, பெட்ரோல் தேங்குது.” டிராக்டர் ரேடியேட்டரில் போடுகிற தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்றைக் கொண்டுவந்து அவரே மாட்டினார். கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் திருப்பினார். வண்டி பூப்போல ஓடியது.

ஒரே தொல்லை, சத்தம். காற்று இழுக்கிற வாய் முகத்துக்குக் கிட்ட வந்துவிட்டதால் முறுக்கினால் ஊளையிடுகிறது. முறுக்காமல் விட்டால் மெதுவாக இழுத்து இழுத்து விடுகிறது. பாய் போன பிறகு கூடத்தில் கோரைப்பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வண்டியைச் சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி இருந்தது. பெட்ரோல் தண்டம்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

வெள்ளோட்டம். தரைப்பாலம் வரைக்கும் போனேன். ஆறு காய்ந்து கிடக்கிறது. நடுவில் ஓர் ஓடை கணுக்கால் அளவு, அதில் வாத்து மேய்க்கிறவன் உட்கார்ந்து பீடி பிடிக்கிறான். பாலத்து ஓரக் கற்களில் பழைய வெள்ளத்தின் கறை இருக்கிறது, அதைப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று தெரியும். கறை என் தொடை வரைக்கும் வந்தது. பேட்டரியும் சிடிஐயும் அதற்கு மேலே போக வேண்டும்.

பாலத்தின் நடுக்கல் வரைக்கும் போனேன். மட்டம் பார்க்கத்தான். அங்கிருந்து பார்த்தால் புத்தந்தூர் தண்ணீர் டேங்க் தெரிகிறது. அதற்கு இரண்டாவது தெருதான் மாமனார் வீடு. கொஞ்ச நேரம் நின்றேன். வாத்துக்காரன், “அந்தப் பக்கம் போறதுன்னா போங்க, தண்ணி இல்ல” என்றான். எனக்குத் தெரியாதா தண்ணீர் இல்லை என்று? திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

மின்சாமான்களை எங்கே ஏற்றுவது என்று இரண்டு நாளாக மண்டைக்குடைச்சல். கடைசியில் நல்ல இடம் கிடைத்தது. நீள சீட்டை வெட்டிப் பாதியாக்கினேன். பின்பாதி இருந்த இடத்தில் இரும்புச் சட்டம் அடித்து, பேட்டரி, சிடிஐ, ரெக்டிபயர் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினேன். ஒயர்களை நீட்டி ஒட்டி, டேப் சுற்றி, மேலே மெழுகும் ஊற்றினேன். சொட்டுத் தண்ணீர் போகாது. என் கைவேலையை நானே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “வேலை சுத்தம்” என்றார். அப்புறம், “சம்சாரம் எங்க சார் உக்காருவாங்க?” என்றார்.

ஆற்றைத் தாண்டிப் போவதைப் பற்றித்தான் இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். திரும்பி வருவதை யோசிக்கவே இல்லை. நாலு வருஷமாக அவள் உட்கார்ந்த இடத்தை நானே ரம்பம் போட்டு அறுத்திருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்கப் பின்னால் பெட்டி கடகடவென்று ஆடியது. அதை அப்போதே பிடுங்கி ஆற்றில் எறியலாம்போல வந்தது.

நவம்பர் 15, சனி

எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாயிற்று. புது நீள சீட்டு, பழையதைவிட மெத்தென்று பார்த்து வாங்கினேன். ரெக்டிபயர் டேங்குக்கு அடியில் போயிற்று. பேட்டரியும் சிடிஐயும் ஹெட்லைட்டுக்கு மேலே, அஞ்சலையின் பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள். டப்பா மூடி இறுக்கமான மூடி. சாம்பார் கொட்டாது என்றால் தண்ணீரும் போகாது. தெருவில் பிள்ளைகள், “மாட்டு டாக்டர் வண்டி சோறு கட்டிக்கினு போவுது” என்று கத்துகிறார்கள். கத்தட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

மாமியார் போன் செய்தார்கள். ஸ்கேன் பார்த்தாயிற்றாம், தலை திரும்பியிருக்கிறதாம், எல்லாம் நன்றாக இருக்கிறதாம். டிசம்பர் நடுவில் இருக்கும் என்றார்களாம்.

“அஞ்சல பக்கத்துல இருக்குதா?”

“தூங்குது மாப்ள.”

பின்னால் “யாரும்மா போன்ல?” என்று அஞ்சலையின் குரல் கேட்டது. மாமியாருக்கும் எனக்கும் அது கேட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். “சரி, தூங்கட்டும்” என்றேன்.

நவம்பர் 19, புதன்

கன்று சிக்கிவிட்டது என்று சாத்தனேரியிலிருந்து ஆள் வந்தான். தலை மடங்கிக் கிடந்தது. தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு, திருப்பி, மெதுவாக இழுத்தேன். மாட்டுக்காரன் குப்புசாமி கன்று விழுகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்லை. பெண் கன்று, கிடேரி. மூக்கைத் துடைத்து ஊதியதும் தும்மியது.

கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவன் பெண்சாதி கேட்டாள்: “உங்க ஊட்டுல எப்ப டாக்டரே?”

“அடுத்த மாசம்.”

“நீங்க கூட இருக்க சொல்ல அதுக்கு இன்னா பயம்?”

கூட இருந்தேனே, போன தடவை. எழுதிவிடுகிறேன், எழுதாமல் மட்டும் என்ன மறந்தா போகிறது? ரெண்டு வருஷம் முன்னால் கார்த்திகை தீபத்துக்குப் புத்தந்தூர் போயிருந்தோம். ஐந்தாம் மாதம். ராத்திரி மழை கொட்டியது, விடிந்தால் தரைப்பாலத்தைக் காணோம். அவளுக்கு வலி. வேன் பிடித்து மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தோம். சர்க்கரை ஆலை எடைமேடைக்குப் பக்கத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன, அசையவில்லை. அவள் தலை மாமனார் மடியில், கால் என் மடியில். ஊரில் எத்தனை கன்றை இழுத்துப் போட்ட கை இது, அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. வேனிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த ரோட்டில் நான் போனதில்லை. டியூட்டிக்கே என்றாலும் வேறு வழியில் போவேன்.

தரைப்பாலம் திறந்திருந்தால் பத்து நிமிஷம். அவ்வளவுதான். அதற்குத்தான் இந்த வண்டி.

நவம்பர் 22, சனி

ஏரியில் சோதனை. வாய்க்கால் இறங்குகிற சரிவில் தண்ணீர் தொடை அளவு நிற்கிறது. பாய் கரையில் நின்று, “ஆக்சிலேட்டர விட்டுடாத சார்! பிடிச்சிக்கினே இருந்தா சைலன்சர் முழுகுனாலும் புகை தண்ணிய வெளிய தள்ளும்!” என்று கத்தினார். இறங்கினேன். டப்பாவில் பேட்டரி பத்திரம், மூக்கு நெஞ்சு உயரத்தில். பாதி தூரம் போனேன். கொளக் என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கரையேற்றினோம்.

நவம்பர் 23, ஞாயிறு

பிளக்கைக் கழற்றிக் கிக்கரை உதைத்தால் தண்ணீர் பீச்சி அடிக்கிறது. என்ஜின் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. எங்கே பூந்தது என்று தலைகீழாகத் தேடினேன். மத்தியானத்துக்கு மேல்தான் கண்டுபிடித்தேன். ஏர் பெட்டியின் அடியில், கசிகிற எண்ணெய் சொட்டுவதற்காக விரல் தடிமனில் ஒரு சின்ன ட்யூப். மேல்வாயை நெஞ்சு வரைக்கும் தூக்கிவிட்டேன், அடியில் இருந்த ஓட்டையைப் பார்க்கவே இல்லை. பெரிதாகத் தெரிகிற வழியை அடைத்துவிட்டு எல்லாம் ஆயிற்று என்று மார் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு போல்டை முறுக்கி அடைத்தேன். ஆயில் இரண்டு தடவை மாற்றினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

ஏரியில் இந்தக் கோடியில் இறங்கி அந்தக் கோடியில் ஏறினேன். நிற்கவில்லை! பாய் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, “ஓடிச்சு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

மூன்று நாளாக விடாத மழை. அணையைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது என்று செய்தி வந்ததும், சொன்னால் நம்பமாட்டார்கள், எனக்குச் சந்தோஷம். உடனே அஞ்சலைக்கு போன் போட்டேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக ரிங்கை முழுக்கப் போகவிட்டேன், எடுத்தாள்.

“அஞ்சல, ஆத்துல தண்ணி வந்துடுச்சாம். நீ பயப்படாத. வண்டிய ரெடி பண்ணிட்டன். மூச்சுக்குழாய மேல தூக்கிட்டன், கரண்டு சாமான் எல்லாம் மேல ஏத்திட்டன். எவ்ளோ தண்ணி வந்தாலும் நான் வந்துடுவன்.”

மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

“ஒரு மாசமா ஆறு காஞ்சி கெடந்துச்சி” என்றாள். “நடந்தே வரலாம். அப்ப வரல. இப்ப தண்ணி வந்தப்புறம் வரீங்களா?”

வைத்துவிட்டாள்.

நவம்பர் 29, சனி

வேலைக்குப் போகவில்லை. மழை.

நவம்பர் 30, ஞாயிறு

பதில் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மாமனார் என்ன பேசுவாரோ என்று இருந்தேன் என்று சொல்லலாம். அவளாகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன் என்று சொல்லலாம். இரண்டும் பொய் இல்லை. ஆனால் உள்ளது வேறு. நிறை வயிற்றோடு அவளை நேரில் பார்க்கப் பயந்தேன். பார்த்துவிட்டால் ஆசை வந்துவிடும். ஆசை வந்த பிறகு போன தடவை மாதிரி ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. இரும்பையும் ரப்பரையும் கட்டிக்கொண்டு அழுதால் அது நம்மை ஒன்றும் செய்யாது. அதனால் அதைக் கட்டிக்கொண்டேன்.

நாளைக் காலையில் போகிறேன். இதை எழுதிவிட்டதால் போயே ஆக வேண்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்தது.

விடிந்ததும் தரைப்பாலத்துக்குப் போனேன். ஆறு கரைகொள்ளாமல் போகிறது. போலீஸ்காரர்கள் அந்த வேளைக்கு இன்னும் வரவில்லை, குறுக்கே முள்ளை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓரக் கற்களின் தலை தெரிந்தது. நான் கணக்குப் போட்ட உயரம்தான். முள்ளை ஒதுக்கிவிட்டு இறங்கினேன்.

வண்டியைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. முட்டிக்கு மேல் தண்ணீரில் ஒரு இருமல் இல்லாமல் ஓடியது. காதுகிட்ட ஊளையிட்டுக்கொண்டு ஒரு கல், இரண்டு கல், மூன்று கல் தாண்டியது. ஆனால் ஏரித் தண்ணீர் நிற்கிற தண்ணீர், இது போகிற தண்ணீர். பக்கவாட்டில் யாரோ தோளை வைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளியது. பின்சக்கரம் பாலத்தின் விளிம்புப் பக்கமாக அரை முழம் நகர்ந்தது, நான் நகர்த்தவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஆழம் பார்த்தேன், வேகம் பார்க்கவில்லை. இதில் நான் போய்விட்டால் அவள் கதி என்ன? பிள்ளைக்கு அப்பன் யார்? பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் திருப்பினேன். கரை ஏறினதும் காலை ஊன்றி நின்றேன். வண்டி அப்போதும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இனி இருக்கிறது ஒரே வழி. மேம்பாலம். எடைமேடை.

போனேன். மழை முகத்தில் அடித்தது. மாமனாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எடைமேடைக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஓர் ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. கரும்பு டிராக்டர்க்காரன் ஒருவன் நடுரோட்டில் வந்துகொண்டிருந்தான். நான் வண்டியைக் குறுக்கே விட்டு, “ஓரம் போய்யா! உள்ள யாரு உசுரு ஊசலாடுதோ!” என்று அவனைச் சத்தம் போட்டு ஒதுக்கினேன். ஆம்புலன்ஸ் தாண்டிப் போயிற்று. யார் பெற்ற பிள்ளையோ, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

புத்தந்தூர் பஸ் நிறுத்தத்தில் மாமனார் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கோணிக்கொண்டது.

“போன எடுக்க மாட்டீங்களா மாப்ள? விடியக்காலம் வலி எடுத்துடுச்சி. அஞ்சல உங்களுக்கு எத்தினி தடவ போட்டுச்சி! ஆம்புலன்ஸ்ல ஒரு ஆளுதான் ஏறலாம்னாங்க, அவ அம்மா போயிட்டா. எதுக்க வந்திருக்குமே, பாக்கல?”

போன் மழைக்கோட்டுக்குள் பிளாஸ்டிக் பையில் இருந்தது. காதுகிட்ட வண்டி போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தால் வரிசையாக அஞ்சலை, அஞ்சலை, அஞ்சலை.

பார்த்தேன் மாமா, வழி விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தையும் மறந்துவிட்டது. “ஏறுங்க” என்றேன்.

அவர் என் பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். வந்த வழியே திரும்பினோம். பாதி வழியில், “அன்னிக்கி நான் பேசுனது தப்பு மாமா!” என்று கத்தினேன்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றார்.

எடைமேடை வந்தது. டிராக்டர்கள் இரண்டு பக்கமும் நின்றன. தோளில் இருந்த பிடி இறுகியது, நகம் கோட்டைத் தாண்டிப் பதிந்தது. எனக்குத் தெரியாமலே வண்டி மெதுவாகிவிட்டது.

“நிறுத்தாத மாப்ள” என்றார் காதுக்கு அருகில். அவர் என்னை நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நிறுத்தாத. போயிக்கினே இரு.”

போய்க்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரிப் படியில் மாமியார் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல், அங்கேயே அழ ஆரம்பித்தார்கள். எனக்கு உயிர் போய்விட்டது. பக்கத்தில் நின்ற நர்சம்மாதான், “அழுவறத நிறுத்திட்டுச் சொல்லும்மா, மனுஷன் பயந்துடப் போறாரு. பொண்ணு பொறந்துக்குது சார். ரெண்டு பேரும் நல்லாக்கிறாங்க” என்றார். மாமனார் ஈரக் கோணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆம்பளைங்க அஞ்சு நிமிஷம்தான்” என்று உள்ளே விட்டார்கள். அஞ்சலை சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தாள். கையில் அத்தனை வளையலும் இருந்தது. பக்கத்துத் துணிச்சுருளுக்குள் ஒரு சின்ன மூக்கு தெரிந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிய மூக்கு, ஏறி ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் அதையே பார்த்தேன் என்று தெரியவில்லை.

அஞ்சலை என் நனைந்த பேண்ட்டைப் பார்த்தாள்.

“ஆத்துல எறங்குனீங்களா?”

“எறங்கினன். முடியல, திரும்பிட்டன்.”

“அப்புறம் எப்படி வந்தீங்க?”

“சுத்திக்கினுதான்.”

அவள் கண் என் முகத்திலேயே நின்றது. “அந்த ரோட்லயா?”

“அந்த ரோட்லதான். போவ சொல்லயும், வர சொல்லயும்.”

அவள் வலியோடு மெதுவாகக் காலை மடக்கி, கட்டில் ஓரத்தில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.